கழுத்தில் குழாயோடு ஒரு குழந்தை: தாராவித் தாய் ஒருவருக்குப் பதில்

கேள்வி: டாக்டர், நாங்கள் மும்பை தாராவியில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் மகள் 28 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். ஆறு வாரம் வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். இரண்டு முறை குழாயை எடுத்துப் பார்த்தும் மூச்சு இழுத்துக்கொண்டதால் திரும்பப் போட்டார்கள். அப்புறம் ஸ்கோப் வைத்துப் பார்த்து, குரல்வளைக்குக் கீழே 80 சதவீதம் சுருங்கிவிட்டது என்று சொல்லிக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். இப்போது 11 மாதம், 7 கிலோ இருக்கிறாள். அழுதால் சத்தமே வராது, கண்ணீர் மட்டும்தான் வருகிறது. இப்போதே பலூன் வைத்து விரிக்கலாம் என்கிறார் ஒரு டாக்டர். இன்னொருவர் இரண்டு வயது ஆகட்டும் என்கிறார். என் மாமியாரோ ஊருக்குக் கொண்டுபோய்த் தொக்கம் எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார். குலதெய்வம் கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும், போகலாமா? இந்தக் குழாய் ஆயுசுக்கும் இருக்குமா? இவள் பேசுவாளா? வென்டிலேட்டரில் வைக்கக் கையெழுத்துப் போட்டது நான்தான். என்னால்தான் இப்படி ஆயிற்றோ என்று ராத்திரியில் தூக்கம் வருவதில்லை.
பெயர் வேண்டாம், தாராவி.

அன்புள்ள அம்மா,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்கள் மனசில் ஏறாது. அந்தக் கையெழுத்தால்தான் உங்கள் மகள் இன்று உயிரோடு இருக்கிறாள். 28 வாரத்தில் பிறக்கும் குழந்தையின் நுரையீரல் தானாக விரிந்து சுருங்கும் பக்குவத்துக்கு வந்திருக்காது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம்தான் முந்திப் பிறந்தான், உங்கள் மகளைவிட எவ்வளவோ வளர்ந்த குழந்தை. நாட்டின் அதிபர் கேட்டும், அந்தக் காலத்தின் பெரிய மருத்துவர்கள் பக்கத்தில் இருந்தும், 39 மணி நேரத்துக்கு மேல் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. இவ்வளவு சின்னக் குழந்தைகளை வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்றும் வழி அப்போது கைகூடவில்லை. அதற்குப் பிறகுதான் அது மெல்ல மெல்ல வந்தது. அதோடு சேர்ந்து இந்தச் சுருக்கமும் வந்தது. பிழைக்காமல் போயிருக்க வேண்டிய குழந்தைகள் பிழைத்ததால் நாங்கள் பார்க்க நேர்ந்த நோய் இது.

ஏன் சுருங்குகிறது என்று கேட்பீர்கள். உங்கள் தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள். குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே ஒரு மேடு தட்டுப்படும். அது ஒரு குருத்தெலும்பு வளையம், முத்திரை மோதிரம் மாதிரி முன்னால் மெலிந்து பின்னால் அகன்றிருக்கும். மூச்சுக்குழாயில் மற்ற வளையங்களெல்லாம் பின்பக்கம் திறந்தவை, குதிரை லாடம் போல. இது ஒன்றுதான் முழு மோதிரம். அதனால் உள்ளே வீக்கம் வந்தால் வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்காது. வீக்கம் முழுக்க உள்பக்கமாகத்தான் வரும். பிறந்த குழந்தைக்கு அந்த இடத்தின் உள்விட்டம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் விட்டம் பாதியாகும், காற்று போகும் பரப்பு கால்வாசியாகிவிடும். வென்டிலேட்டர் குழாய் நாள்கணக்கில் அந்த மோதிரத்துக்குள் உராய்ந்துகொண்டு இருக்கும்போது உள்தோல் புண்ணாகிறது. புண் ஆறும்போது தழும்பு விழுகிறது. தழும்புக்கு இறுகும் குணம் உண்டு. கையில் தீக்காயம் ஆறிய இடம் இழுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான் உள்ளேயும் நடக்கிறது. ஆறு வாரம் குழாய் இருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இது வருவதில்லை. சிலருக்கு வருகிறது. இதில் உங்கள் தவறு எங்கேயும் இல்லை.

80 சதவீதம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு வழிதான் திறந்திருக்கிறது. இந்தச் சுருக்கத்தை நாங்கள் நான்கு நிலைகளாகப் பிரிப்போம். 71 முதல் 99 சதவீதம் வரை மூன்றாம் நிலை. உங்கள் மகள் அதில் இருக்கிறாள். கழுத்துத் துளை இந்தச் சுருக்கத்துக்குக் கீழே போடப்பட்டிருக்கிறது. காற்று சுருங்கிய இடத்தைத் தொடாமல் நேராக நுரையீரலுக்குப் போகிறது. 7 கிலோ ஏறியிருக்கிறாள் என்றீர்கள். மூச்சுக்காகவே மல்லுக்கட்டும் குழந்தைக்கு எடை ஏறாது. சாப்பிட்டதெல்லாம் மூச்சு இழுக்கும் வேலையிலேயே செலவாகிவிடும். அந்த 7 கிலோவில் குழாய்க்கும் உங்கள் கைக்கும் பங்கு இருக்கிறது.

குழாய் ஆயுசுக்கும் இருக்குமா? பெரும்பாலான குழந்தைகளுக்கு இருக்காது. ஆனால் எடுக்கும் தேதியை இன்று யாராலும் குறித்துக் கொடுக்க முடியாது. அப்படிக் குறித்துக் கொடுப்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

பலூனா, பொறுப்பதா என்ற குழப்பத்துக்கு வருகிறேன். இரண்டு டாக்டர்களும் தப்பாகச் சொல்லவில்லை, ஒவ்வொருவரும் ஒரு சூழ்நிலையை மனதில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். தழும்பு புதிதாக, மெல்லியதாக, ஜவ்வு போல இருந்தால் பலூனால் விரிக்கலாம். அதற்கு நல்ல பலன் உண்டு. மாதங்கள் கடந்து தழும்பு கெட்டியாகி, நீளமாகவும் தடிப்பாகவும் ஆகிவிட்டால், விரித்த சில வாரங்களில் பழையபடி இறுகிக்கொள்ளும். குருத்தெலும்பே நசுங்கி உருமாறியிருந்தால் பலூனுக்கு அங்கே வேலையே இல்லை. அதனால் இன்றைய நிலையில் ஒரு ஸ்கோப் அவசியம். கழுத்தில் துளை போட்ட நாளில் எடுத்த பழைய ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஸ்கோப்பில் டாக்டர் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்: தழும்பின் நீளமும் தடிப்பும், குரல்நாண்கள் இரண்டும் அசைகின்றனவா, துளைக்கு மேலே சதை வளர்ந்திருக்கிறதா, கீழே மூச்சுக்குழாய் துவண்டு மூடிக்கொள்கிறதா. இந்த நான்கையும் அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வீடியோ பதிவு இருந்தால் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் எழுதிய நான்கு வரியைவிட அரை நிமிட வீடியோ அடுத்த டாக்டருக்குப் பெரிய உதவி.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பலூன் ஒருமுறை செய்து பலன் நிற்கவில்லை, இரண்டாம் முறையும் நிற்கவில்லை என்றால், ஏழு எட்டு முறை என்று இழுத்துக்கொண்டு போகச் சம்மதிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து, செலவு, வேலை இழப்பு. அதற்கு மேல், புண்பட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் புண்படுத்துவது பின்னால் செய்யப்போகும் பெரிய அறுவை சிகிச்சையைக் கடினமாக்கலாம்.

அந்தப் பெரிய அறுவை சிகிச்சையில் குழந்தையின் விலா எலும்பின் நுனியிலிருந்து ஒரு சின்னத் துண்டு குருத்தெலும்பு எடுப்பார்கள். சுருங்கிய மோதிரத்தை முன்னாலோ பின்னாலோ, சில சமயம் இரண்டு பக்கமுமோ பிளந்து, அந்தத் துண்டை இடையில் பொருத்தித் தைப்பார்கள். ரவிக்கை இறுக்கமாகிவிட்டால் பக்கத்தில் பட்டி வைத்துத் தைத்து அகலப்படுத்துவீர்கள் இல்லையா, அதே வேலை. கனடாவில் பிளேர் ஃபியரன், ராபின் காட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1970-களின் தொடக்கத்தில் இதற்கு வழி வகுத்தார்கள். இன்று மும்பையிலும் இதைச் செய்கிறார்கள். இன்னொரு முறையில், சுருங்கிய பகுதியையே வெட்டி எடுத்துவிட்டு மேலும் கீழும் இணைத்துவிடுவார்கள். உங்கள் மகளுக்கு எது என்பதை ஸ்கோப்தான் சொல்லும்.

இரண்டு வயது ஆகட்டும் என்று சொன்னவர் ஏன் சொன்னார் தெரியுமா? எடை 10 கிலோவை நெருங்கினால் உறுப்புகள் கொஞ்சம் பெரிதாக இருக்கும், தைக்க இடம் கிடைக்கும். குறைப்பிரசவத்தில் பிறந்த நுரையீரலும் அதற்குள் பலப்படும். ஆக்சிஜன் உதவி இல்லாமல் இருக்க வேண்டும். வயிற்று அமிலம் மேலே ஏறி வந்தால் புதுத் தையல் ஆறாது, அதனால் அதைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாயில் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் சரியாக இல்லாத குழந்தைக்கு அவசரப்பட்டுச் செய்தால் திரும்பச் சுருங்கும். முதல் அறுவை சிகிச்சைதான் நல்ல வாய்ப்பு. அதை வீணாக்காமல் இருக்கத்தான் பொறுக்கச் சொல்கிறோம். சில குழந்தைகளுக்கு இரண்டாவது முறையும் தேவைப்படும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

எல்லாம் சரியாகி வழி திறந்த பிறகும் குழாயை ஒரே நாளில் பிடுங்கிவிட மாட்டார்கள். சின்ன அளவுக் குழாய்க்கு மாற்றி, அப்புறம் குழாயின் வாயை மூடி வைத்துப் பார்த்து, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ராத்திரித் தூக்கத்தில் ஆக்சிஜன் அளவு இறங்குகிறதா என்று கவனித்த பிறகுதான் எடுப்பார்கள். மூடி போட்டுப் பார்ப்பதை வீட்டில் நீங்களாகச் செய்யவே கூடாது.

ஆக, இன்னும் ஒரு வருடமாவது இந்தக் குழாயோடு ஓட்ட வேண்டியிருக்கும். நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வருடத்துக்காகத்தான். சிகிச்சை என்றால் ஆபரேஷன் தியேட்டரில் நடப்பது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உங்கள் மகளுக்குச் சிகிச்சை தாராவியில், உங்கள் வீட்டுத் தரையில், ஒவ்வொரு மூன்று நான்கு மணி நேரத்துக்கும் நடக்கிறது. இந்தக் குழந்தைகளை நாங்கள் இழக்கும்போது பல சமயம் சுருக்கத்தால் இழப்பதில்லை. குழாய் சளியால் அடைத்துக்கொண்டது, கழன்று வந்துவிட்டது, பக்கத்தில் இருந்தவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. இதைத் தடுக்க முடியும்.

உங்கள் கடிதத்தில் குழாயை மாற்றத் தெரியும் என்று எங்கேயும் எழுதவில்லை. தெரிந்திருந்தால் சந்தோஷம். தெரியாவிட்டால் இந்த வாரமே குழாய் போட்ட வார்டுக்குப் போய், "என் கையால் மாற்றக் கற்றுக்கொடுங்கள்" என்று கேளுங்கள். நர்ஸ் பக்கத்தில் நிற்க, தோளுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, கழுத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, நீங்களே எடுத்து நீங்களே போட வேண்டும். முதல் முறை கை நடுங்கும். மூன்றாம் முறை நடுங்காது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, கை பழக வேண்டும். நான் கீழே எழுதுவது கை பழகிய பிறகு ஞாபகப்படுத்திக்கொள்ளத்தான்.

குழந்தை திடீரென்று திணறினால், விலாவுக்கு நடுவிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே இழுத்தால், மூக்கு விடைத்தால், உதடு நீலம் பாய்ந்தால், முதலில் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் போடுங்கள். சக்‌ஷன் டியூப் உள்ளே போகவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது. யோசிக்க வேண்டாம், கழுத்து நாடாவைக் கத்தரித்துக் குழாயை வெளியே எடுத்துவிட்டுப் புதுக் குழாயைப் போடுங்கள். அது போகவில்லை என்றால் அரை அளவு (அதாவது அளவு எண்ணில் 0.5) சின்னக் குழாயைப் போடுங்கள். அதுவும் போகவில்லை என்றால் கழுத்துத் துளை வழியாகத்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும். துளையின் மேல் உங்கள் வாயை வைத்து மெல்ல ஊதலாம். சின்ன மாஸ்க் வைத்து, கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கும் அம்பு பேக்கால் அழுத்தலாம். இதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள். முதலுதவி தெரிந்த அக்கம்பக்கத்தார் ஓடிவந்து குழந்தையின் வாயில் ஊதுவார்கள். நல்ல மனசோடுதான் செய்வார்கள். ஆனால் இவளுக்கு மேல்வழி சுருங்கியிருக்கிறது. வாயில் ஊதினால் தேவையான காற்று போய்ச் சேராது.

ஒரு கைப்பை வேண்டும், குழந்தை எங்கே போனாலும் கூடவே போக வேண்டும். இப்போது போட்டிருக்கும் அளவில் ஒரு குழாய், அரை அளவு சின்னதாக ஒன்று, நாடா கட்டியபடியே தயாராக. கத்தரிக்கோல், உபரி நாடா, சக்‌ஷன் டியூப்கள், சலைன், அம்பு பேக். கரண்டில் ஓடும் சக்‌ஷன் மெஷின் மட்டும் வைத்திருந்தால் போதாது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறினால் உங்கள் பகுதியில் கரண்டை நிறுத்துவார்கள். காலால் மிதித்து இயக்கும் மெஷின் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லாத நேரத்துக்கு 50 மில்லி சிரிஞ்சில் சக்‌ஷன் டியூபைப் பொருத்தி உறிஞ்சலாம். வார்டில் செய்து காட்டச் சொல்லுங்கள். பையில் ஒன்று கிடக்கட்டும்.

சக்‌ஷன் போடும்போது டியூப் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு அளவு உண்டு. குழாயின் நீளம் வரைதான். அதைத் தாண்டி இடிக்கும்வரை விட்டால் கீழே புண்ணாகும், சுருக்கம் இன்னொரு இடத்திலும் ஆரம்பிக்கும். தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்யும் ஓர் அப்பா, உபரிக் குழாயின் பக்கத்தில் டியூபை வைத்து அளந்து, அந்த அளவுக்கு ஓர் அட்டைத் துண்டை வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார். யார் சக்‌ஷன் போட்டாலும் முதலில் அந்த அட்டையில் அளந்து விரலால் பிடித்துக்கொண்டுதான் போட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது வருகிற எல்லாக் குடும்பத்துக்கும் சொல்கிறேன். இன்னொன்று, டியூப் உள்ளே இருக்கும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டுவதற்குள் வெளியே எடுத்துவிடுவீர்கள். அவளுக்கு அந்த நேரம் காற்று இல்லை என்பது மறக்காது.

நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவில் உங்கள் ஒரு விரல் நுழைய வேண்டும். இரண்டு விரல் நுழைந்தால் தளர்வு, குழாய் கழன்று வரும். நாடா மாற்றும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழாயைப் பிடித்திருக்க, ஒருவர் கட்ட வேண்டும்.

நம் வீடுகளில் குழந்தைக்குச் செய்யும் சில வழக்கங்களை இந்த ஒரு வருடத்துக்கு நிறுத்திவைக்க வேண்டும். தலைக்குக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவோம். மூக்கு செய்யும் வடிகட்டும் வேலை இவளுக்கு இல்லை, புகை நேராக நுரையீரலுக்குப் போகும். கழுத்திலும் நெஞ்சிலும் பவுடர் போடுவோம், அதுவும் வேண்டாம். கொசுவர்த்தியும் வேண்டாம், வலை கட்டுங்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் கூடவே கூடாது. காலைக் கீழே நீட்டி அதில் படுக்கவைத்துத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டு, உட்காரவைத்து இடுப்பளவு குளிப்பாட்டுங்கள். தலையைத் தனியாக, பின்னால் சாய்த்து அலசுங்கள். மூக்கில் எண்ணெய் விடுவது எந்தக் குழந்தைக்குமே கூடாது. குழாய் வாயில் செயற்கை மூக்கு என்று ஒரு சின்ன மூடி பொருத்துவார்கள். காற்றின் ஈரத்தைப் பிடித்துவைத்துத் திரும்பக் கொடுக்கும், தூசியையும் தடுக்கும். அது இருந்தால் சளி கெட்டியாகாது, அடைப்பும் குறையும். உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று தெரியவில்லை, கேட்டு வாங்குங்கள்.

சளி பச்சையாகி நாற்றமடித்தால், காய்ச்சல் வந்தால், வழக்கத்தைவிட இருமடங்கு சக்‌ஷன் தேவைப்பட்டால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். கொடுத்த பாலோ கூழோ குழாய் வழியே வந்தாலும் அப்படித்தான். சளியில் கோடாக மட்டும் தெரியாமல் புது ரத்தம் கொஞ்சமாகவாவது வடிந்தால் நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். 108-ஐ அழைக்கலாம். ஆனால் உங்கள் சந்துக்குள் ஆம்புலன்ஸ் வராது. யார் குழந்தையைத் தூக்குவது, யார் பையைத் தூக்குவது, 90 அடி ரோட்டில் எந்த இடத்தில் நிற்பது என்று இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மாமியார். தொக்கம் வேண்டாம் என்று அவரிடம் சண்டை போடாதீர்கள். இவள் தொண்டையில் எதுவும் சிக்கிக்கொண்டு இல்லை, எடுப்பதற்கு அங்கே ஒன்றும் கிடையாது, தழும்புதான் இருக்கிறது. வாயில் விரலை விட்டாலோ கழுத்தைத் தடவினாலோ குழாய் இடம் மாறிவிடும், அது உயிருக்கு ஆபத்து. உரம் எடுக்கிறேன் என்று துணியில் போட்டு உருட்டுவதும் அப்படித்தான். இதை அவரிடம் நீங்கள் சொன்னால் மருமகள் எதிர்த்துப் பேசுவதாகத் தோன்றலாம். அடுத்த முறை அவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஸ்கோப் வீடியோவை டாக்டர் அவருக்குப் போட்டுக் காட்டட்டும். அப்படியே வார்டில் அவருக்கும் சக்‌ஷன் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு எப்போதும் பயிற்சி பெற்ற இரண்டு பேர் வேண்டும். உங்கள் கணவர் வேலைக்குப் போய்விட்டால் அந்த இரண்டாவது ஆள் அவர்தான். இவ்வளவு குழந்தைகளை வளர்த்த கை, சீக்கிரம் பழகும். அது மட்டுமில்லை, நீங்கள் தூங்க வேண்டும். ராத்திரி முழுக்க நீங்கள் ஒருவரே விழித்திருந்தால் இந்த ஒரு வருடத்தைத் தாண்ட முடியாது.

ராத்திரி என்றதும் ஞாபகம் வருகிறது. இவள் அழுதால் உங்களுக்குக் கேட்காது. ஒரு பாட்டி பேரனின் இரண்டு காலிலும் முத்து வைத்த கொலுசு போட்டுக் கூட்டி வந்தார். ஆண் பிள்ளைக்குக் கொலுசா என்று வார்டில் யாரோ கேட்டதற்கு, "அவன் கூப்பிட்டா எனக்குக் கேக்கணும்ல" என்றார். முழித்தால், உதைத்தால், திணறினால் கொலுசு சத்தம் போடும். உங்கள் மகளுக்கும் சத்தம் வரும் கொலுசாகப் பார்த்து வாங்கிப் போடுங்கள். வாயில் கழன்று வராதபடி முத்துகள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஆக்சிஜன் அளவு காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் வேண்டும், தூக்கத்தில் மாட்டிவைக்கலாம். அதை வைத்துக்கொண்டு கொலுசை விட்டுவிட வேண்டாம்.

பேசுவாளா? குரல்நாண்கள் நன்றாக அசைந்தால், மேல்வழி திறந்த பிறகு குரல் வரும். கொஞ்சம் கரகரப்பு இருக்கலாம். இன்று சத்தம் வராததற்குக் காரணம், வெளியேறும் காற்று குரல்நாண்களுக்கு ஏறாமல் குழாய் வழியே போய்விடுவதுதான். குழாயில் பொருத்தும் பேச்சு வால்வு பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள், இணையத்திலும் கிடைக்கும். அது மூச்சை உள்ளே விடும், வெளியே விடாது. வெளியே விடும் மூச்சு மேலே ஏறிப் போக வேண்டும். உங்கள் மகளின் மேல்வழி ஐந்தில் ஒரு பங்குதான். டாக்டர் பரிசோதித்துச் சொல்லாமல் அதை மாட்டினால் உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் திணறிவிடுவாள். யார் கொடுத்தாலும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

குரல் வரும்வரை மொழி காத்திருக்க வேண்டாம். அவளோடு நாள் முழுக்கத் தமிழில் பேசுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், நிலாவைக் காட்டுங்கள், கை தட்டி விளையாடுங்கள். பால், போதும், தூக்கு என்பதற்குச் சைகை கற்றுக்கொடுங்கள். சைகை கற்ற குழந்தை பேசச் சோம்பல்படும் என்பது வீண் பயம். ஒன்று கேட்கிறேன், காது பரிசோதனை செய்தார்களா? குறைமாதத்தில் பிறந்து வாரக்கணக்கில் தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்குக் கேட்கும் திறனில் குறை வர வாய்ப்பு அதிகம். பேச்சு வராததைக் குழாய் மேல் பழிபோட்டுவிட்டுக் காதைக் கவனிக்காமல் விட்டுவிடுவது உண்டு. 'பெரா' என்ற பரிசோதனை, தூக்கத்தில் செய்வார்கள், வலிக்காது. பாந்திராவில் மத்திய அரசின் அலி யாவர் ஜங் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1983 முதல் இருக்கிறது. அங்கே பேச்சுப் பயிற்சியும் உண்டு. ஏற்கெனவே செய்யவில்லை என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணின் விழித்திரைப் பரிசோதனையும் முடிந்திருக்கிறதா என்று டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். தடுப்பூசிகள் எல்லாம் போட வேண்டும், குழாய் இருப்பதால் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் யோசிக்காமல் இருக்க மாட்டீர்கள். சயான் ஆஸ்பத்திரி உங்களுக்கு நடக்கும் தூரம். பரேலில் கே.இ.எம். இருக்கிறது. குழந்தைகளுக்கென்றே 1929-ல் தொடங்கிய வாடியா மருத்துவமனையும் அங்கேதான். ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு போய், மருத்துவ சமூகப் பணியாளர் எங்கே உட்காருகிறார் என்று கேளுங்கள். மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் என்ன கிடைக்கும், அறக்கட்டளைகளுக்கு எப்படி மனு எழுதுவது என்று அவர் சொல்வார். சக்‌ஷன் மெஷினுக்கும் அவரிடமே கேளுங்கள். ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இந்த வயதுக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் அறுவை சிகிச்சை அங்கே வழக்கமாகச் செய்கிறார்களா, அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளக் குழந்தைகள் ஐ.சி.யூ. இருக்கிறதா என்று கேளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இரண்டு வரி. பிறந்த இரண்டு மூன்று வாரத்தில் மூச்சு இழுக்கும்போது 'கர்ர்' என்று சத்தம் வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் குரல்வளை மேல்பகுதியின் துவளல்தான் காரணம். குழந்தை நன்றாகப் பால் குடித்து எடை ஏறினால் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானாகச் சரியாகும். எடை ஏறவில்லை, பால் குடிக்கும்போது திணறுகிறது, நீலம் பாய்கிறது என்றால் காத்திருக்கக் கூடாது. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை வேர்க்கடலை தின்னும்போது திடீரென்று இருமி, அப்புறம் சத்தத்தோடு மூச்சு விட்டால், இருமல் நின்றுவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாக ஊர். போகலாம், ஆனால் ஒரு வயதிலேயே என்று பிடிவாதம் வேண்டாம். மொட்டையை மூன்று வயதிலும் போடுகிறார்கள். குலதெய்வம் கோபித்துக்கொள்ளாது. போவதென்றால் உங்கள் டாக்டர் சரி என்ற பிறகு, சளி, காய்ச்சல் இல்லாத வாரமாகப் பார்த்துப் போங்கள். தாதர்–திருநெல்வேலி வண்டி ஒரு நாளுக்கு மேல் ஓடும். நடுவழியில் குழாய் அடைத்தால் அடுத்த ஸ்டேஷன் வரை நீங்கள்தான் டாக்டர். அதனால் குழாய் மாற்றத் தெரிந்த இரண்டு பேர் இல்லாமல் ரயில் ஏறாதீர்கள். பெட்டியில் உள்ள பிளக்கை நம்பாமல் பேட்டரி மெஷினோ கால் மெஷினோ எடுத்துப் போங்கள். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கையில் வைத்திருங்கள். காது குத்துவதில் பிரச்சினை இல்லை, புது ஊசியா என்று மட்டும் பாருங்கள். மொட்டை போடும்போதுதான் கவனம் வேண்டும். தலையைக் குனியவைத்து வழிக்கும்போது முடி நேராகக் குழாய் வாயில் விழும். செயற்கை மூக்கை மாட்டி, அதன்மேல் ஈரம் பிழிந்த மெல்லிய துணியைத் தளர்வாகச் சுற்றி, மடியில் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மாமாவிடம் கொடுக்க வேண்டாம். துணி குழாயை ஒட்டி அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தனம் பூசும்போது கழுத்துப் பக்கம் வழியாமல் கெட்டியாகக் குழைக்கச் சொல்லுங்கள். கோவிலில் பொங்கல் வைக்கும் அடுப்புப் பக்கமும், வெடி போடும் பக்கமும் போகாமல் காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள்.

ரயிலில் கீழ் பெர்த் கேட்டு வாங்குங்கள். அந்தக் கைப்பை பெட்டிகளோடு சீட்டுக்கடியில் போய்விடாமல், இரண்டு ராத்திரியானாலும் உங்கள் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.